1,80,000 ரூபாய் கட்டினால் ஐரோப்பாவில் ஆராய்ச்சிப் பயிற்சியாம். கட்டலாமா?

வேப்பநிழல் | #1

எல்லோருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மூன்றாம் செமஸ்டர் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

போன வாரம் ஒரு நிறுவனத்தார் கல்லூரிக்கு வந்து பேசினார்கள். "சர்வதேச இளநிலை ஆராய்ச்சிப் பயிற்சி" என்று பெயர். ஐரோப்பாவில் 15 நாள், பல்கலைக்கழக வளாகத்தில் தங்கல், கடைசியில் சான்றிதழ். கட்டணம் 1,80,000, டிக்கெட் தனி. வெள்ளிக்கிழமைக்குள் 25,000 முன்பணம் கட்டினால் இடம் உறுதியாம். என் வகுப்பில் நான்கு பேர் கட்டப்போகிறார்கள்.

அப்பா மினி பஸ் ஓட்டுகிறார். கேட்டால் எங்காவது புரட்டிக் கொடுத்துவிடுவார், அதுதான் பயமாக இருக்கிறது. இது பின்னால் பிஎச்.டி.க்கு உதவுமா? காசு கட்டாமல் போகிற வழி எங்களைப் போன்ற கல்லூரிக்காரர்களுக்கு ஏதாவது உண்டா?

கணக்கன் | #2

கட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை என்று கெடு வைக்கும்போதே தெரியவேண்டாமா!

பழைய_லேப்கோட் | #3

கணக்கன் சொன்னதை வழிமொழிகிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், தங்கை வகுப்பில் மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்லலாம்.

நான் ஜெர்மனியில் பிஎச்.டி. முடித்துவிட்டு இப்போது போஸ்ட்டாக்கில், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணியில், இருக்கிறேன். எங்கள் குழுவுக்கு ஒவ்வொரு கோடையிலும் ஒன்றிரண்டு இளநிலை மாணவர்கள் வருவார்கள். முதல் வாரம் பாதுகாப்புப் பயிற்சி, அடையாள அட்டை, கணினிக் கணக்கு, சாவி இவற்றுக்கே போய்விடும். இரண்டாம் வாரம்தான் "எந்த அலமாரியில் என்ன இருக்கிறது" என்பது பிடிபடும். அதாவது அந்த 15 நாள் முடிகிற இடத்தில்தான் எங்கள் மாணவர்களுக்கு வேலையே ஆரம்பிக்கிறது. அவர்கள் விற்பது சுற்றுலா. சுற்றுலா போவதில் தப்பில்லை, ஆனால் அதை ஆராய்ச்சி என்று சொல்லி விண்ணப்பத்தில் போட்டால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

உண்மையான கோடைக்கால ஆராய்ச்சித் திட்டம் எதுவும் உங்களிடம் லட்சக்கணக்கில் கேட்காது. பெரும்பாலும் அவர்கள்தான் உங்களுக்குக் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்த சில:

கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க். 12 வாரம். இந்தியா அவர்கள் பட்டியலில் உள்ள நாடு.

ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக ஓயிஸ்ட். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் குளோஸ்டர்நொய்பர்க் என்ற ஊரில் இருக்கும் இஸ்டா. அவர்கள் இதற்கு "இஸ்டர்ன்ஷிப்" என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

சவூதியில் செங்கடல் ஓரம் துவால் என்ற இடத்தில் இருக்கும் கவுஸ்ட் பல்கலைக்கழகம். 2009இல் தொடங்கியது. வருகைதரு மாணவர் திட்டத்தில் உதவித்தொகை, தங்குமிடம், விமானச் சீட்டு எல்லாம் உண்டு. ஆனால் மூன்றாம் ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும்.

பிரான்சுக்கு, இந்தியாவில் உள்ள அவர்கள் தூதரகம் தரும் ஷார்பாக் லேப் உதவித்தொகை. 1992இல் இயற்பியல் நோபல் வாங்கிய ஷார்பாக் பெயரில் இருக்கிறது.

அப்புறம் இரண்டு எச்சரிக்கை. "டாட் ரைஸ்" என்று தேடினால் ஜெர்மன் திட்டம் ஒன்று வரும். அது வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கு. இந்தியக் கல்லூரி மாணவர்களுக்கு இருப்பது "டாட் வைஸ்". ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஒரு மாதம் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். அதேபோல் அமெரிக்காவில் "ஆர்.இ.யு." என்று நூற்றுக்கணக்கில் இடங்கள் கண்ணில் படும். அந்த நாட்டு அறிவியல் அறக்கட்டளை தரும் அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர்களுக்கும்தான். பார்த்து ஏங்க வேண்டாம்.

கணக்கன் | #4

லேப்கோட் சார், பட்டியல் நன்றாக இருக்கிறது. ஆனால் டாட் வைஸுக்கு இன்னின்ன கல்வி நிறுவனங்களிலிருந்துதான் விண்ணப்பிக்கலாம் என்று அவர்களே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களே, அதை ஏன் சொல்லவில்லை? ஐ.ஐ.டி., என்.ஐ.டி., ஐசர் என்று போகும். இந்தத் தங்கையின் கல்லூரி அதில் இருக்கும் என்று நினைக்கிறீர்களா? நான் படித்த கல்லூரி இல்லை. இதையெல்லாம் சொல்லாமல் ஆசையை மட்டும் கிளப்பிவிடுவதும் ஒருவகையில் அந்த நிறுவனக்காரன் செய்கிற வேலைதான்.

பழைய_லேப்கோட் | #5

குட்டு வாங்கிக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டும். அதோடு வைஸுக்கு, அங்கே ஒரு பேராசிரியர் "வா" என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் விண்ணப்பமே போட முடியும்.

ஆனால் நான் சொன்ன மற்றவற்றில் ஓயிஸ்ட், இஸ்டா போன்றவை கல்லூரிப் பெயரை வைத்துப் பட்டியல் போடுவதில்லை. அங்கே பெயர்பெற்ற கல்லூரிக்காரர்களுடன்தான் மோத வேண்டும், உண்மை. கதவு பூட்டியிருக்கிறதா, கூட்டமாக இருக்கிறதா என்பது வேறு வேறு.

பாலாற்றுக்காரி | #6

நான் மைட்டாக்ஸில் போனவள். பி.இ. சிவில், வடமாவட்டத்தில் ஒரு சாதாரணத் தனியார் கல்லூரி.

வேப்பநிழல், உங்களுக்கு முக்கியமான ஒன்று. மைட்டாக்ஸில், பயிற்சி முடிந்து திரும்பும்போது உங்கள் படிப்பில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர் பாக்கி இருக்க வேண்டும். எங்களைப் போல் நான்கு வருடப் படிப்பு என்றால் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடை. உங்களுக்கு மூன்று வருடப் படிப்பு. ஆகவே இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை, அதாவது அடுத்த மே. ஆனால் விண்ணப்பம் முந்தைய வருடமே, செப்டம்பர் வாக்கில் மூடிவிடும். இப்போது ஆவணி. பி.எஸ்சி.காரர்கள் பாதிப்பேர் "கடைசி வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்து இப்படித்தான் கோட்டை விடுகிறார்கள். கடைசி வருடம் முடிந்த கோடையில் பாக்கி செமஸ்டர் இருக்காது.

இதில் பேராசிரியர்களுக்கு மடல் எழுத வேண்டியதில்லை. கனடா பேராசிரியர்கள் போட்டிருக்கும் திட்டங்கள் அவர்கள் தளத்தில் இருக்கும். அதில் பிடித்தவற்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று எழுத வேண்டும். நான் செய்த தப்பு, முதலில் பெரிய நகரங்களாகப் பார்த்து டொரொன்டோ, வான்கூவர் என்று போட்டதுதான். ஊர்ப்பெயரைப் பார்த்துத் தேர்வு செய்பவர்கள் எல்லோரும் அங்கேதான் குவிவார்கள். கடைசியில் எனக்குக் கிடைத்தது சமவெளியில் ஒரு நகரம், நிலத்தடி நீர் மாதிரியமைத்தல். ஊரில் அப்பா போர் போட்டு மூன்று தடவை தண்ணீர் வராமல் போன கதையைத்தான் விண்ணப்பத்தின் முதல் பத்தியில் எழுதியிருந்தேன். பேட்டியில் அந்தப் பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை அடி?"

வேப்பநிழல் | #7

அக்கா, செப்டம்பரா!! இன்றைக்கே பார்க்கிறேன். பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று போட்டிருக்கிறதே, எங்கள் துறையில் இதுவரை யாரும் கேட்டதில்லை. எச்.ஓ.டி.யிடம் போய் எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை.

மூன்றாம்பெஞ்ச் | #8

நான் உங்களுக்கு எதிர்ப்பக்கம், அதாவது கரும்பலகைப் பக்கம். கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர்.

கேட்பதற்குக் கூச்சப்படாதே அம்மா. ஆனால் வெறுங்கையோடு வராதே. மாணவர்கள் வந்து "சார், நாளைக்குக் கடைசி நாள், லெட்டர் வேண்டும்" என்று நிற்பார்கள். நான் என்ன எழுதுவேன்? "நல்ல பெண், ஒழுங்காக வகுப்புக்கு வருவாள்." அந்தக் கடிதம் குப்பைக்குத்தான் போகும். சிலர் கடிதத்தைத் தாங்களே எழுதிக்கொண்டு வந்து கையெழுத்து மட்டும் கேட்பார்கள், நம் ஊரில் அது பழக்கமாகிவிட்டது. ஒரே நடையில் மூன்று பேராசிரியர்கள் எழுதியது போல மூன்று கடிதம் போனால் வாசிக்கிறவர் கண்டுபிடிக்காமலா இருப்பார்?

அதற்குப் பதில் மூன்று வாரம் முன்னால் வா. நீ செய்த ஏதாவது ஒன்றைக் காட்டு. செய்முறை வகுப்பில் பாடப்புத்தகத்துக்கு அப்பால் போட்டுப் பார்த்த ஒரு அளவீடாக இருந்தாலும் போதும். "இந்தப் பெண் ஸ்பெக்ட்ரோமீட்டரில் மற்றவர்கள் ஆறு ரீடிங் எடுத்தபோது முப்பது எடுத்து, என்னிடம் வந்து பிழையைப் பற்றிச் சண்டை போட்டாள்" என்று எழுத எனக்கு ஒரு வாய்ப்புக் கொடு. அந்த ஒரு வரி போதும்.

இன்னொன்று, மறுப்பில்லாச் சான்று, அதாவது நீ பயிற்சிக்குப் போவதில் கல்லூரிக்கு ஆட்சேபம் இல்லை என்ற கடிதம். அதற்குக் கல்லூரி அலுவலகத்தில் எத்தனை நடை நடக்க வேண்டும் என்பதைச் சொல்லி உன்னைப் பயமுறுத்த விரும்பவில்லை. இப்போதே ஒரு போனஃபைடு, அதாவது நீ இங்கே படிக்கிறாய் என்ற சான்று, வாங்கி வை. பொறியியல் பிள்ளைகளுக்கு மே, ஜூன் வரை தேர்வு இழுக்கும். நமக்குப் பெரும்பாலும் ஏப்ரலில் முடிந்துவிடும், அது ஒரு அனுகூலம்.

சம்மணம் | #9

இழையைத் திசைதிருப்புகிறேன் என்று கோபிக்காதீர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் ஓர் இளநிலை மாணவர் இருந்தார். 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்து பேசினார். அவர் நூலைக் கரைத்துக் குடித்திருந்த இந்தப் பையன் மறுநாள் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தான். சாமர்ஃபெல்ட் சொன்னாராம், நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, குவாண்டம் கொள்கையே மாறிவிட்டது என்று. சொல்லிவிட்டு, இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்தார். பையன் அதை வைத்து உட்கார்ந்து படித்து, சில மாதத்தில் தானே ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ஃபௌலருக்கு அஞ்சலில் அனுப்பினான். 1929இல் அது ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அவர்தான் எஸ். சந்திரசேகர். 1930இல் அரசு உதவித்தொகையில் கப்பலேறினார். 1983இல் நோபல்.

இளநிலை மாணவர், வெளிநாடு, முன்பின் தெரியாத பேராசிரியருக்குக் கடிதம். நம் ஊரில் இது புதுசில்லை.

கணக்கன் | #10

கதை நன்றாகத்தான் இருக்கிறது. அவர் சித்தப்பா சி.வி. ராமன். அப்பா ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. மினி பஸ் ஓட்டவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையிடம் இதைச் சொன்னால் "நம்மால் ஆகாது" என்றுதான் நினைக்கும்.

சம்மணம் | #11

அதை மறுக்கவில்லை. ஓட்டலுக்குள் நுழையும் துணிச்சல் சும்மா வராது, வீட்டுச் சூழலிலிருந்து வருவது. நான் சொல்ல வந்தது, அவர் அனுப்பிய உறைக்குள் என்ன இருந்தது என்பது. "தங்களிடம் பயில ஆவல்" என்ற வேண்டுகோள் இல்லை, ஒரு கட்டுரை இருந்தது. சித்தப்பா யாராக இருந்தாலும் ஃபௌலர் படித்தது அந்தக் கட்டுரையைத்தானே.

மணல்மேடு | #12

ஓயிஸ்ட் போய் வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எம்.எஸ்சி.க்கு முன்னால் நான்கு மாதம். நான் போனபோது நாளுக்கு 2,400 யென் படி, தங்க அறை, போக வர டிக்கெட் அவர்களே போட்டார்கள். பணம் சேராது, குறையவும் குறையாது. ஓன்னா என்ற கடலோரக் கிராமம். புழுக்கம் நம் நாகப்பட்டினம் மாதிரியே இருக்கும்.

ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே, அதைச் சொல்கிறேன். எனக்குக் கொடுத்த வேலை ஒரு லேசர் கற்றையை இரண்டு கண்ணாடிகளில் பட்டுத் தெறிக்கவிட்டு, முடிபோல மெல்லிய ஒளியிழைக்குள் நுழைப்பது. ஒவ்வொரு கண்ணாடிக்கும் இரண்டு திருகு. மொத்தம் நான்கு. முதல் நாள் மாலை, உள்ளே போன ஒளி 4 சதவீதம். ஒரு திருகைத் தொட்டால் ஏறும், அடுத்ததைத் தொட்டால் சுத்தமாக அணைந்துபோகும். மூன்று வாரம் இதுதான். பக்கத்து மேசையில் இருந்த பிஎச்.டி. மாணவி ஒரு நாள் வந்து, "இரண்டாவது கண்ணாடியை வேண்டுமென்றே கொஞ்சம் கெடு, பிறகு முதலாவதைக் கொண்டு சரிசெய்" என்றாள். அன்றைக்கு 60க்கு மேல் போனது. எழுந்து வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் புயல் வந்து இரண்டு நாள் எல்லாம் மூடல். திரும்பி வந்தால் மறுபடி 11.

இது பிடிக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் போக வேண்டும். 15 நாளில் இது தெரியாது.

கொக்குவிலான் | #13

நான் யாழ்ப்பாணம். கம்பஸில் மூன்றாம் வருடம், இரசாயனவியல். இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் இந்தியக் கடவுச்சீட்டை வைத்தே கதைக்கிறீர்கள். எங்களுக்கு என்ன இருக்கிறது?

பழைய_லேப்கோட் | #14

நியாயமான கேள்வி. மைட்டாக்ஸ் நாடுகளின் பட்டியலை வைத்து நடப்பது, டாட் வைஸ் இந்தியாவுக்கு மட்டும். இரண்டையும் விட்டுவிடுங்கள். ஓயிஸ்ட், இஸ்டா, கவுஸ்ட் மூன்றும் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று பார்ப்பதில்லை. நீங்கள் மூன்றாம் வருடம் என்பதால் கவுஸ்டுக்கும் இப்போதே தகுதி உண்டு. அங்கே நீர் சுத்திகரிப்பு, வினையூக்கிகள் சார்ந்த வேதியியல் பெரிய அளவில் நடக்கிறது. வீட்டில் சவூதி என்றதும் யோசிப்பார்கள், அது வேறு கதை.

கொக்குவிலான் | #15

அப்பா பத்து வருடம் அங்கேதான் வேலை செய்தவர். ஓம் என்றுதான் சொல்வார். நன்றி.

வேப்பநிழல் | #16

அந்த நிறுவனத்துக்குக் கட்டவில்லை. வெள்ளிக்கிழமை போய்விட்டது. மைட்டாக்ஸ் விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டேன்.

மூன்றாம்பெஞ்ச் சார் சொன்னதுதான் உறுத்துகிறது. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் டிரான்சிஸ்டர் கிட்டில் பாதி வேலை செய்யாது. சூரியன், நட்சத்திரம் எல்லாம் பிடிக்கும். தொலைநோக்கி கிடையாது.

பழைய_லேப்கோட் | #17

சூரியன் பிடிக்குமா? அப்படியானால் உட்கார். கொஞ்சம் நீளமாகப் போகும்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கியது. எவர்ஷெட் என்பவர் சூரியப் புள்ளியின் (சூரியன் முகத்தில் தெரியும் கரும்புள்ளி) விளிம்பில் வாயு வெளிநோக்கி ஓடுவதை அங்கேதான் 1909இல் கண்டார், உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். அங்கே 1904 முதல் நாள்தோறும், மேகம் விட்ட நாட்களில், சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடித் தட்டுகளை எல்லாம் எண்மமாக்கி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். உன் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் எடுத்த படங்கள், நூறு வருடத்துக்கு மேல். தொலைநோக்கி வேண்டாம்.

செய்யவேண்டியது இது. புள்ளிகள் கூடிக் குறையும் ஒரு சூரியச் சுழற்சி ஏறத்தாழ 11 வருடம். ஒரு சுழற்சியை மட்டும் எடுத்துக்கொள். வாரத்துக்கு ஒரு படம். ஒவ்வொன்றிலும் புள்ளிகள் எந்த அட்சரேகையில் இருக்கின்றன என்று குறி. குறுக்கே காலம், நெடுக்கே அட்சரேகை போட்டு வரை. சுழற்சியின் தொடக்கத்தில் புள்ளிகள் 30, 35 பாகையில் தோன்றும், வருடம் போகப்போக நடுக்கோட்டை நோக்கி இறங்கும். வடக்கும் தெற்கும் சேர்ந்து பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி வரும். பைத்தானில் செய். மடிக்கணினி இல்லையென்றால் கல்லூரிக் கணினியில் கூகுள் கோலாப் போதும்.

புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இதில் வராது. மாண்டர் என்ற வானியலாளர் 1904இலேயே வரைந்துவிட்டார். ஆனால் அதை நீ உன் கையால் வரைந்தால், எங்கே இடறும் என்று உனக்குத் தெரியும். அப்புறம் எழுதுகிற மடலில் எழுத ஒரு விஷயம் இருக்கும்.

மடலைப் பற்றி. எங்கள் குழுத் தலைவர் ஒரு பெண்மணி. அவருக்கு வருகிற மடல்களில் பாதி "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கும். அடுத்த வரி "யுவர் எஸ்டீம்ட் இன்ஸ்டிட்யூஷன்". அதற்கடுத்து பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண். ஒருவர் வேறு பேராசிரியர் பெயரை மாற்ற மறந்து அப்படியே அனுப்பியிருந்தார். இவையெல்லாம் மூன்று நொடியில் போய்விடும். அவர் நின்று படித்த மடல் எனக்கு நினைவிருக்கிறது. எட்டு வரி. எங்கள் கட்டுரை ஒன்றில் வந்த நான்காவது படத்தைத் தானே மறுபடி வரைந்து பார்த்ததாகவும், ஓர் இடத்தில் தனக்கு வேறு மாதிரி வருகிறது, தன் பிழை எங்கே என்று சொல்ல முடியுமா என்றும் கேட்டிருந்தான். பிழை அவனுடையதுதான். ஆனால் அடுத்த கோடையில் அவன் எங்கள் ஆய்வகத்தில் இருந்தான்.

படம் வந்த பிறகு கோட்டிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் சூரியக் குடும்ப ஆய்வு நிறுவனம் மாதிரி இடங்களில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பார். பத்துப் பேருக்கு எழுது. நூறு பேருக்கு எழுதாதே.

பேருந்து_ஜன்னல் | #18

நான் ஒரு பெண்ணைப் பெற்றவன். மகள் பொறியியல், அடுத்த வருடம் இப்படி எங்கோ போக வேண்டும் என்கிறாள். உதவித்தொகை தருகிறார்கள், சரி. கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு அனுப்ப வேண்டும்? எல்லோரும் "இலவசம்" என்கிறீர்கள், அப்படி ஒன்று உலகத்தில் இல்லை.

பாலாற்றுக்காரி | #19

இல்லைதான் அண்ணா. பாஸ்போர்ட்டுக்கு 1,500. போலீஸ் விசாரணைக்கு நாள் ஆகும், ஆகவே தேர்வானபின் எடுக்கலாம் என்று இருக்க வேண்டாம். ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் கட்டணம், 30,000 யூரோ வரை ஈடுசெய்யும் பயண மருத்துவக் காப்பீடு. 180 நாளில் 90 நாள்தான் அந்த விசாவில் இருக்கலாம். 12 வாரம் என்றால் 84 நாள், சரியாக அடங்கும். இன்னும் பத்து நாள் சுற்றிப் பார்க்கிறேன் என்று மகள் சொன்னால் எண்ணிப் பாருங்கள்.

முக்கியமானது, முதல் உதவித்தொகை கைக்கு வர மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம். அதற்குள் வாடகை முன்பணம் கேட்பார்கள். எனக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது, இரண்டாம் மாதமே மீட்டுவிட்டோம். டிக்கெட்டை நாம் போட்டு அப்புறம் வாங்கிக்கொள்வதா, அவர்களே போடுவதா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏ.டி.எம். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாக இயங்காது, நாம்தான் இயக்கிவைக்க வேண்டும். இது தெரியாமல் விமான நிலையத்தில் இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கக்கூடக் காசில்லாமல் நின்றேன்.

மட்டுறுத்துநர் | #20

இந்த இழையில் நிறுவனத்தின் பெயரைக் கேட்டுத் தனிமடல் அனுப்புவதை நிறுத்தவும். பெயர் இங்கே வராது. "செர்ன் கோடைத் திட்டம்" (ஜெனீவா அருகே உள்ள அணுத்துகள் ஆய்வகம் நடத்துவது) பற்றிக் கேட்ட மூன்று பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். சுருக்கமாக: அதற்குக் குறைந்தது மூன்று வருடப் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்திருக்க வேண்டும்.

சம்மணம் | #21

செர்ன் வளாகத்தில் நடராசர் சிலை இருக்கிறது, 2004இல் இந்தியா கொடுத்தது. போகிறவர்கள் படம் எடுத்துப் போடுங்கள். (சரி சரி, நிறுத்திவிட்டேன்.)

மூன்றாம்பெஞ்ச் | #22

வேப்பநிழல், வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டே உள்ளூரை விட்டுவிடாதே. இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. இரண்டு மாதம், பி.எஸ்சி. பிள்ளைகளுக்கும் உண்டு, பெரும்பாலும் நவம்பர் வாக்கில் விண்ணப்பம் முடியும். பெங்களூரிலோ சென்னை தரமணியிலோ உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒரு கோடை வேலை செய்துவிட்டு, அந்த வழிகாட்டியிடம் ஒரு கடிதம் வாங்கினால், என் கடிதத்தைவிடப் பத்து மடங்கு எடை.

வேப்பநிழல் | #23

(தை மாதம், தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும்.)

மைட்டாக்ஸ் கிடைக்கவில்லை. அழுதேன், அப்புறம் சரியாகிவிட்டது. கழகங்களின் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டேன், முடிவு வரவில்லை. எச்.ஓ.டி. மேடம் கடிதம் எழுதும்முன் என்னை ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். இரண்டாம் ஆண்டுப் பிள்ளையிடம் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை என்றார்.

கொடைக்கானல் படங்கள் 480 பார்த்தேன். என் பட்டாம்பூச்சி பட்டாம்பூச்சியாகவே வரவில்லை. மூட்டைப்பூச்சி நசுங்கின மாதிரி இருந்தது. ஆனாலும் அதையே வைத்து, "இறக்கை ஏன் கலைகிறது என்று தெரியவில்லை" என்று எழுதி 11 பேருக்கு மடல் போட்டேன். இரண்டு பதில். ஒன்று, இந்த வருடம் இடமில்லை. இன்னொன்றும் இடமில்லைதான், ஆனால் கூடவே ஒரு வரி: "உன் ஜனவரிப் புள்ளிகளையும் அக்டோபர்ப் புள்ளிகளையும் தனித்தனியாக வரைந்து பார்."

வரைந்தேன். ஜனவரி, ஜூலைப் படங்கள் அழகாக இருக்கின்றன. ஏப்ரலும் அக்டோபரும்தான் கெடுக்கின்றன. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனின் வடக்கு எப்போதும் நேரே மேலே இருப்பதில்லையாம்! வருடம் முழுக்க இரண்டு பக்கமும் 26 பாகை வரை சாய்கிறது. ஜனவரி தொடக்கத்திலும் ஜூலை தொடக்கத்திலும் மட்டும் பூஜ்ஜியம். நான் எடுத்தது சீர்செய்யாத படங்கள், ஒன்றையும் திருப்பவே இல்லை.

இப்போது திருப்பிவிட்டேன். இறக்கை வந்துவிட்டது. அவருக்குத் திரும்ப எழுதலாமா? இடமில்லை என்று சொன்னவருக்கு மறுபடி எழுதினால் தொல்லை என்று நினைப்பாரா?

பழைய_லேப்கோட் | #24

இன்றைக்கே எழுது. மூன்று வரி. காரணம் இதுதான், திருத்திய படம் இதோ, நன்றி. இடம் கேட்காதே. அடுத்த வருடம் கேள்.

கணக்கன் | #25

நானும் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். இங்கே போடுங்கள். அந்த நான்கு பேர் என்ன ஆனார்கள்?

வேப்பநிழல் | #26

அனுப்பிவிட்டேன். படம் ராத்திரி போடுகிறேன், கல்லூரிக் கணினியில் இருக்கிறது. நான்கு பேரில் இருவர் முன்பணத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், அது திரும்பி வரவில்லை. இருவர் மே மாதம் போகிறார்கள்.

மணல்மேடு | #27

ஒரே ஒரு சந்தேகம். அக்டோபர்ப் படங்களை எந்தப் பக்கம் திருப்பினீர்கள்? கூட்டல், கழித்தல் குறியை மாற்றிப் போட்டுவிட்டால்?

வேப்பநிழல் | #28

முதலில் மாற்றித்தான் போட்டேன் அண்ணா. 26 பாகைப் பிழை 52 ஆனது.